சேமித்து வைத்த மரத்தில் வண்டு விழாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தச்சு வேலைக்கென்று பலகை, கட்டை, சட்டம் வாங்கி வீட்டுக் கொல்லையிலோ சின்னப் பட்டறையிலோ அடுக்கி வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டு வெயில், மழை, இங்கே கிடைக்கிற மரங்கள் இவற்றை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஐரோப்பியக் கையேடுகளில் முதல் பக்கத்திலேயே வருகிற அறைகலன் வண்டு குளிர் நாட்டுச் சரக்கு. அதை இங்கே சேர்க்கவில்லை.

அடுக்கிய பலகைக்கு அடியில் தூள் கொட்டிக் கிடக்கிறது. எந்தப் பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருந்தைத் தேடுவதற்கு முன்னால் அந்தத் தூளைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

மைதா மாவு மாதிரி வழவழவென்று இருந்தால் லிக்டஸ் வகை உளுப்பு வண்டு. 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடம்பு, பழுப்பு நிறம். துளை குண்டூசித் தலை அளவுதான், 1 முதல் 2 மில்லிமீட்டர். பலகையின் மேல்தோல் முழுசாக இருக்கும், உள்ளே எல்லாம் மாவாகியிருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும்.

தூள் அதைவிடச் சற்று நறநறவென்றும் துளை கொஞ்சம் பெரிதாகவும் இருந்தால் சைனாக்சிலான் போன்ற வண்டுகளாக இருக்கலாம். கறுப்பு நிறம், தலையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டது போன்ற தோற்றம், பின்பக்கம் சாய்வாக வெட்டிவிட்டது போல இருக்கும், அதில் இரண்டு முட்கள். லிக்டஸ் முட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகும், துளைப்பது புழுதான். சைனாக்சிலானில் தாய் வண்டே மரத்தைக் குடைந்து உள்ளே போய் முட்டை வைக்கும். அதனால் மரம் வந்து இறங்கிய சில நாட்களிலேயே தூள் கொட்டத் தொடங்கிவிடும். புதிதாக வெட்டிய கழிகளிலும் மூங்கிலிலும் இந்த வகையைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

மாவாக இல்லாமல் கசகசா போல மணி மணியாக உதிர்ந்தால் அது உலர்மரக் கறையான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். இதற்கு மண்ணும் வேண்டாம், மண்புற்றும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கடலோர ஊர்களில் இதன் தொல்லை அதிகம். மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு சுவரோரமாக ஏறி வருவது நமக்கு நன்றாகத் தெரிந்த மண் கறையான், அதாவது செல். அது மரத்தில் குடியிருப்பதில்லை, சாப்பிட்டுவிட்டு மண்ணுக்குப் போகிறது. ஆகவே அதற்கு வைத்தியம் மரத்துக்கு இல்லை, தரைக்குத்தான்.

இன்னொன்று உண்டு. ராத்திரியில் வீடு அடங்கிய பிறகு பலகை அடுக்கிலிருந்து கறக் கறக் என்று சத்தம் கேட்டால், ஸ்ட்ரோமேட்டியம் என்கிற நீள்கொம்பு வண்டின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் காய்ந்த மரத்தைத் தின்பதில் இது பெரிய ஆள். நூற்றுக்கணக்கான மர வகைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். புழு வருடக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட்டு, அலமாரி செய்து பாலிஷ் போட்டு வீட்டில் வைத்த பிறகு நீள்வட்டத் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். தச்சரைத் திட்டுவோம். பாவம், அவர் வாங்கிய மரத்திலேயே அது இருந்திருக்கும்.

துளை இருந்தாலே அந்த மரம் போச்சா?

இல்லை. துளையைச் சுற்றி கறுப்பாகக் கறை படிந்து, தூளே இல்லாமல் இருந்தால், அது மரம் பச்சையாக இருந்தபோது வந்த ஊசித்துளை வண்டின் வேலை. அந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை, துளைக்குள் பூஞ்சை வளர்த்து அதைத் தின்கிறது. மரம் காய்ந்ததும் பூஞ்சையும் சாகும், வண்டும் போய்விடும். அப்படிப்பட்ட பலகையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அழகு கெடுகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

உத்தரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, ரீங்காரத்தோடு சுற்றுகிற கருவண்டு தேனீ இனம். கூடு கட்டத்தான் குடைகிறது. அடுக்கி வைத்த பலகைக்கு அதனால் பெரிய ஆபத்து கிடையாது.

பழைய துளையா, இப்போது உயிரோடு இருப்பதா என்று சந்தேகமா? துளை உள்ள இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அடியில் கறுப்புத் துணி விரித்து வையுங்கள். பலகையை நகர்த்தும்போது பழைய தூளும் உதிரும், அதனால் ஒருமுறை தூள் பார்த்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அசைக்காமல் வைத்த பலகையின் அடியில் புதுத் தூள் விழுந்திருந்தாலோ, டேப்பைத் துளைத்திருந்தாலோ உள்ளே ஆள் இருக்கிறது.

ஒரே பலகையில் ஓரம் மட்டும் உளுத்திருக்கிறது, நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். அடிமரத்தின் நடுவில் நிறம் ஏறி இறுகிய பகுதியை வைரம் என்கிறோம். அதைச் சுற்றி, பட்டைக்கு உள்ளே வெளிறிய வளையமாக இருப்பதை மரக்கடைகளில் வெள்ளை என்பார்கள். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறியதும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்ததும் இந்த வெள்ளையில்தான். லிக்டஸ் புழுவுக்கு வேண்டியது அந்த மாவுச்சத்து. மர நாரை அதனால் செரிக்க முடியாது. வைரத்தில் மாவுச்சத்து அநேகமாகத் தீர்ந்துபோய், கசப்பும் காரமுமான வேறு பொருட்கள் சேர்ந்திருக்கும்.

தாய் வண்டு முட்டை வைக்கும் முன் மரத்தைக் கடித்துப் பார்க்கும். மாவுச்சத்து இருந்தால்தான் முட்டை. அதையும் மரத்தின் மேற்பரப்பில் வைக்காது, மரத்தின் நுண்குழாய்களுக்குள் வாலை நுழைத்து வைக்கும். குழாய் அதற்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். பைன் மரத்தில் இந்தக் குழாய்களே இல்லை என்பதால் லிக்டஸ் அதன் பக்கம் போவதில்லை.

வண்டு செய்கிற அதே பரிசோதனையை நீங்களும் செய்யலாம். புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, புதிதாக இழைத்த இடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடங்களில் கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே இருந்தால் லிக்டஸ் பயம் குறைவு. பலகையின் குறுக்குவெட்டில் செய்தால் வெள்ளையும் வைரமும் பிரிகிற கோடு பளிச்சென்று தெரியும். ஒரு பாட்டில் மருந்து பட்டறைக்குப் பல வருடம் வரும்.

என் கருத்து இதுதான்: வெள்ளையை அறுத்து எறிய மனம் இருந்தால் மருந்துச் செலவில் பெரும்பகுதி மிச்சம். கன அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்கியதை எறிவதா என்று தோன்றும். ஆனால் அந்த வெள்ளை பக்கத்துப் பலகையின் வெள்ளைக்கும் வண்டைக் கூட்டி வரும்.

தேக்குதானே வாங்கியிருக்கிறேன், கவலை எதற்கு?

தேக்கின் வைரத்துக்குத்தான் அந்தப் பெயர். செட்டிநாட்டு வீடுகளில் நூறு வருடத்துக்கு மேல் நிற்கிற பர்மா தேக்குத் தூண்கள் முதிர்ந்த மரத்தின் வைரத்தில் கடைந்தவை. இன்று தோப்பில் இருபது வருடத்தில் வெட்டுகிற தேக்கில் வெள்ளை கணிசமாக இருக்கும். அந்த வெள்ளையை உளுப்பு வண்டு மற்ற மரத்தைத் தின்பது போலவேதான் தின்னும். சாயம் பூசி வெள்ளையை மறைத்து விற்பதும் உண்டு, குறுக்குவெட்டு முனையைப் பார்த்து வாங்குங்கள்.

பலாவிலும் இதே கதை. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடி வாங்குகிறார்கள். மஞ்சள் வைரம் நன்றாகத் தாங்கும், வெளிறிய ஓரம் தாங்காது. வேங்கை, வேம்பு, பூவரசு எல்லாவற்றிலும் வைரத்தை மட்டும் நம்பலாம்.

அதிகக் கவனம் வேண்டிய மரங்கள் எவை?

ரப்பர், மா, இலவு, வாகையின் வெள்ளை, மூங்கில். இவற்றில் ரப்பர் மரம் தனி ரகம். வைரமே கிடையாது என்று சொல்லலாம், மாவுச்சத்தோ ஏராளம். வெட்டி ஒரு வாரம் சும்மா போட்டால் நீலப்பூஞ்சை படர்ந்துவிடும், வண்டும் விழுந்துவிடும். அறுத்த ஓரிரு நாளில் போரான் மருந்து (வெண்காரமும் போரிக் பவுடரும் கலந்தது, கீழே வருகிறது) ஏற்றினால்தான் அதில் மேசை நாற்காலி செய்ய முடிகிறது. கேரளத்திலிருந்து வருகிற ரப்பர் பலகையை வாங்கும்போது அழுத்த முறையில் மருந்து ஏற்றியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மூங்கிலுக்கும் வைரம் கிடையாது. அதற்கென்றே டைனோடெரஸ் என்று ஒரு சின்ன வண்டு இருக்கிறது. மருந்து ஏற்றாத மூங்கிலை நல்ல பலகை அடுக்கின் பக்கத்தில் வைப்பதே வம்பு.

நன்றாகக் காய்ந்த மரத்தை வண்டு தொடாது என்கிறார்களே?

பூஞ்சைக்கும் மண் கறையானுக்கும் அது ஓரளவு உண்மை. உளுப்பு வண்டுக்குப் பொருந்தாது. மரத்தில் ஈரம் 8 சதவீதம் இருந்தாலே லிக்டஸ் பிழைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் நிழலில் காய்ந்த பலகை அதற்குக் கீழே போவது அபூர்வம், கடலோரத்தில் 12-ஐத் தாண்டியேதான் நிற்கும். அதாவது, நாம் வேலைக்குச் சரியான பதம் என்று நினைப்பதும் வண்டுக்குச் சரியான பதம்தான்.

கில்ன் என்கிற சூட்டறையில் உலர்த்திய மரம் வாங்குகிறவர்களும் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சூடு உள்ளே இருக்கிற முட்டையையும் புழுவையும் கொல்லும், அவ்வளவுதான். மாவுச்சத்தை அது எடுத்துவிடாது. அறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே புது வண்டு வந்து முட்டை வைக்கலாம். கில்ன் மரத்தை உளுத்த கழிகளோடு சேர்த்து ஒரே கொட்டகையில் போட்டால் கொடுத்த பணம் வீண்.

தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பது உண்மையா?

மூங்கில் வெட்டுபவர்களிடமும் தச்சர்களிடமும் இந்த நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. பருவத்தைப் பொறுத்து மரத்தில் மாவுச்சத்து ஏறி இறங்குவது உண்மை. துளிர்விட்டு முடித்த மரத்தில் குறைவாகவும், இலை உதிர்த்து ஓய்வில் இருக்கும் மரத்தில் அதிகமாகவும் இருக்கும். பிறைக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டென்று நான் நம்பவில்லை. ஆனால் தேய்பிறை பார்த்து வெட்டுகிறவர் பொதுவாகப் பொறுமைக்காரர், முதிர்ந்த மரமாகப் பார்த்து வெட்டி, பட்டை உரித்து, நிழலில் போடுகிறவர். பலன் அதில் வருகிறது.

குளத்தில் ஊறப்போடுவது?

இது வேலை செய்கிற வழி. மூங்கிலையும் மாங்கட்டையையும் சில வாரம் தண்ணீரில் மூழ்கடித்து வைத்தால் சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்தும் புளித்தும் குறையும், வண்டுக்கு ஈர்ப்பு போய்விடும். முழுக்க மூழ்க வேண்டும், பாதி மிதந்தால் மிதக்கிற பாதியில் பூஞ்சை வரும். ஓடுகிற தண்ணீர் நல்லது. நாற்றம் இருக்கும், மரம் சற்று நிறம் மங்கும், காய வைக்கக் கூடுதல் நாள் பிடிக்கும். கறையானுக்கு இது மருந்தல்ல.

எப்படி அடுக்க வேண்டும்?

முதலில் பட்டை இருந்தால் உரித்துவிடுங்கள். பல வண்டுகள் பட்டையோடு சேர்ந்துதான் வருகின்றன. அப்புறம் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, செங்கல் கட்டியோ இரும்புக் கால் வைத்தோ அடுக்குங்கள். சுவரிலிருந்து ஆள் கை போகிற அளவு தள்ளி இருக்கட்டும். செல் ஏறினால் கண்ணில் படுவதற்கு இந்த இடைவெளி வேண்டும்.

ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய சட்டம்) துண்டு, ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒன்று, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில். கோடு விலகினால் பலகை வளையும். ரீப்பர் துண்டும் வெள்ளை இல்லாத மரமாக இருக்க வேண்டும். அதற்குப் போய் நல்ல மரமா என்று உளுத்த துண்டை வைப்பவர்கள் அதிகம். அடுக்கின் ஒவ்வொரு பலகைக்கும் வண்டை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை.

விறகு, பழைய சாரக் கழி, மூங்கில், பாதி உளுத்த பீரோ இவற்றை வேறு இடத்தில் போடுங்கள். புதிதாக வருகிற மரத்தை நேராகப் பழைய அடுக்கில் சேர்க்காமல் சில மாதம் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. நம் வெயிலில் உளுப்பு வண்டு சில மாதங்களிலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும், இருந்தால் தெரிந்துவிடும். ராத்திரி கொட்டகையில் விளக்கை எரிய விடாதீர்கள், இந்த வண்டுகள் வெளிச்சத்துக்குப் பறந்து வருபவை.

வெண்காரமும் போரிக் பவுடரும் கலந்து மருந்து செய்யலாமாமே, எப்படி?

சின்னப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. மலிவு, வாசனை இல்லை, மரத்தின் நிறம் மாறாது, மேலே பாலிஷ் ஒட்டும். நகை பற்றவைக்கப் பொற்கொல்லர் பயன்படுத்துகிற அதே வெண்காரம். கேரம் போர்டில் தூவுகிற அதே போரிக் பவுடர். இரண்டும் தனித்தனியாகக் கரைவதைவிடச் சேர்ந்தால் அதிகம் கரையும், அதனால்தான் கலப்பது.

10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் பவுடர். நன்றாகக் கலக்கி, தெளிந்ததும் பயன்படுத்தலாம். ஆறியபின் அடியில் படிகம் படிந்தால் மறுபடி சூடாக்குங்கள்.

இது யாருக்கு முழுப் பலன் தரும் என்றால், அறுத்து ஓரிரு நாளே ஆன, இன்னும் தண்ணீர் கசிகிற பச்சைப் பலகைக்கு. மருந்து ஈரத்தின் வழியாகவே உள்ளே பரவுகிறது. ஈரம் இல்லாவிட்டால் பரவாது. பலகையைத் தொட்டியில் சில நிமிடம் முக்கி எடுத்து, சற்று வடியவிட்டு, இன்னொரு முறை முக்குங்கள். பிறகு ரீப்பர் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, தார்ப்பாயாலோ பாலித்தீனாலோ காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு மூன்று நான்கு வாரம். இரண்டு அங்குலத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல், அதோடு இன்னும் சூடான, கெட்டியான கரைசலும் வேண்டும். அவசரப்பட்டு இரண்டாம் நாளே பிரித்துக் காய வைத்தால் மருந்து மேலேயே நின்றுவிடும், முதல் இழைப்பிலேயே சீவலோடு போய்விடும்.

மூடி வைத்திருக்கும்போது மேலே பூசணம் பிடிப்பது சகஜம். துடைத்தால் போகும், இழைத்தால் சுத்தமாகப் போய்விடும். நாள் ஆனதும் பிரித்து, ரீப்பர் வைத்து அடுக்கி நிழலில் காய வையுங்கள்.

இதன் பலவீனம் ஒன்றுதான்: மழையில் கரைந்துவிடும். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குச் சரி, மண்ணில் நடுகிற கம்பத்துக்கும் திறந்த வெளிக் கதவுக்கும் ஆகாது. அடுக்கி வைத்திருக்கும்போதும் மேலே கூரை வேண்டும். விஷம் குறைவு என்பதற்காக அலட்சியம் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீதிக் கரைசலைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம், போரான் கூடினால் செடி கருகும்.

மரம் ஏற்கெனவே காய்ந்ததுதான். அதற்கு?

அதே கரைசலைச் சூடாகத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசலாம், குறுக்குவெட்டு முனைகளில் தாராளமாக. உள்ளே சில மில்லிமீட்டர்தான் போகும். ஆனால் தாய் வண்டு முட்டை வைப்பதும் மேற்புறத்தில் திறந்திருக்கிற குழாய் முனைகளில்தான் என்பதால் அதற்கும் மதிப்பு உண்டு. பெயிண்ட் கடைகளில் கிடைக்கிற, பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து கலந்த எண்ணெய் வகைகள் காய்ந்த மரத்தில் இன்னும் நன்றாக இறங்கும். டப்பாவில் எழுதியிருக்கிற அளவை மீறாதீர்கள், வாசல் சன்னல் திறந்து வைத்துப் பூசுங்கள். இழைத்து, அளவுக்கு அறுத்து முடித்த பிறகு பூசுவதுதான் புத்திசாலித்தனம். முன்பே பூசினால் மருந்துள்ள பகுதியைத்தான் முதலில் சீவி எறிவீர்கள்.

ஒரு காலத்தில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரைத் தூவி வைப்பார்கள். இந்தியாவில் அது 1997-இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய கொட்டகை மூலையில் மூட்டை கிடந்தால் தொடாதீர்கள்.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், கழிவு ஆயில்?

மண்ணெண்ணெய் படுகிற புழுவைக் கொல்லும், ஆவியாகிப் போன பிறகு ஒன்றும் இல்லை. அதற்காகப் பலகை அடுக்கையே தீப்பந்தமாக மாற்ற வேண்டுமா? வேப்பெண்ணெய் கொஞ்ச நாள் விரட்டும், நாற்றம் மட்டும் ரொம்ப நாள் இருக்கும். கழிவு ஆயில் பூசிய பலகையில் அப்புறம் பெவிகாலும் ஒட்டாது, வார்னிஷும் நிற்காது.

முந்திரிக்கொட்டை எண்ணெய் விஷயம் வேறு. மீனவர்கள் படகுக்குப் பூசி வந்த மருந்து அது, உண்மையிலேயே காக்கும். ஆனால் மரம் கருத்துவிடும், தோலில் பட்டால் வெந்து புண்ணாகும். மாட்டுக்கொட்டகை உத்தரத்துக்குச் சரி, மேசைப் பலகைக்கு வேண்டாம்.

வண்டு விழுந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

அந்தப் பலகையை உடனே அடுக்கிலிருந்து வெளியே எடுங்கள், பக்கத்தில் இருந்தவற்றையும் பிரித்துப் பாருங்கள். சேதம் ஓரத்து வெள்ளையில் மட்டும் என்றால் அதை அறுத்து எறிவதோடு வேலை முடிந்தது. ஊசியால் துளைக்குள் மருந்து ஏற்றுவதைப் பலர் செய்கிறார்கள். அது மன ஆறுதலுக்கு. நாம் பார்க்கிற துளை வண்டு வெளியேறிய வழி. புழு இருப்பது தூள் அடைத்த வேறு சுரங்கத்தில்.

உள்ளே இருப்பதைக் கொல்ல நம்பகமான வழி சூடு. ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கான உலக விதிப்படி மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். பக்கத்தில் கில்ன் வைத்திருக்கும் மில் இருந்தால் கன அடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கறுப்புப் பாலித்தீனில் சுற்றி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மெல்லிய பலகைக்கு நடக்கலாம். ஆனால் மேலே கை வைத்தால் சுடுகிறது என்பதெல்லாம் கணக்கில்லை. அதே கனமுள்ள ஒரு துண்டின் நடுவில் துளையிட்டு வெப்பமானி நுழைத்து, மையம் 56-ஐத் தொட்டதா என்று பார்த்தால்தான் நம்பலாம். வெடிப்பு, வளைவு வரும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

சின்னச் செதுக்கு வேலைப்பாடு, பிடி, கட்டை என்றால் நெகிழிப் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் மேல் நீர் கோக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிர் போதாது.

சூடோ குளிரோ எதுவும் திரும்ப வருவதைத் தடுக்காது. அதற்குப் பிறகு போரானோ எண்ணெய் மருந்தோ பூசியாக வேண்டும்.

நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரையைப் போட்டு மூடலாமா?

கூடாது. அலுமினியம் பாஸ்பைடு ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் வைத்து, பக்கத்து அறையில் தூங்கியவர்கள் செத்த செய்திகள் பத்திரிகையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. விதை, பூச்சிமருந்துக் கடையில் யாராவது கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புகையூட்டம் அவசியம் என்றால் உரிமம் பெற்ற நிறுவனம் செய்யட்டும்.

வார்னிஷ் அடித்துவிட்டால் போதுமா?

லிக்டஸுக்கு முட்டை வைக்கத் திறந்த குழாய் முனை வேண்டும், அதை அடைத்தால் அது வைக்க முடியாது. அந்த அளவில் வார்னிஷ், பாலிஷ், மெழுகு எல்லாமே காவல்தான். ஆனால் மேசையின் மேற்பக்கத்தைக் கண்ணாடி போல மெருகேற்றிவிட்டு அடிப்பக்கத்தையும் அலமாரி முதுகையும் வெறுமனே விடுவதுதான் வழக்கம். வண்டு அங்கேதான் வரும். உள்ளே ஏற்கெனவே இருக்கிற புழுவை வார்னிஷ் ஒன்றும் செய்யாது, அது துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

பேலட் பெட்டி மரம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கதிர் வடிவ முத்திரையும் அதன் பக்கத்தில் எச்.டி. (HT) என்ற எழுத்துகளும் இருந்தால் சூடேற்றியது, வாங்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது, தவிர்த்துவிடுங்கள். முத்திரையே இல்லையென்றால் புது மரம் போலத் தனியே வைத்துக் கவனியுங்கள். எச்.டி. மரத்திலும் பின்னால் கறையான் ஏறலாம்.

வீட்டில் அரிசியில் வண்டு. அது மரத்துக்கும் வருமா?

வராது, மரத்து வண்டும் அரிசிக்கு வராது. ஆனால் நெல்லையும் கோதுமையையும் துளைக்கிற ஒரு வண்டு, சைனாக்சிலானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மாவுச்சத்து தேடுகிற வம்சம்.

இடித்த வீட்டுப் பழைய மரம் பாதுகாப்பானதா?

லிக்டஸ் விஷயத்தில் பெரும்பாலும் ஆம். வருடம் ஆக ஆக மாவுச்சத்து குறைந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய மரத்தில் அது புதிதாக விழுவது அரிது. உலர்மரக் கறையானுக்கும் நீள்கொம்பு வண்டுக்கும் வயசு பொருட்டல்ல. சுத்தியலால் நீளவாட்டில் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை பொள்ளலாக மாறுகிற இடத்தில் உளியால் குத்திப் பாருங்கள்.

பச்சை நிறத்தில் மருந்து ஏற்றிய மரம் விற்கிறார்களே, அது என்ன?

சி.சி.ஏ. என்ற செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசன் கண்டுபிடித்தது. ஆர்சனிக் (As), செம்பு (Cu) இரண்டின் வேதிக் குறியீடுகளிலிருந்தும் அஸ்கு என்று பெயர் வைத்து விற்றார்கள், உலகம் முழுக்கப் பரவியது. மழையில் கரையாது, வண்டு, கறையான், பூஞ்சை மூன்றையும் தாங்கும். ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இதை நிறுத்திவிட்டார்கள். வேலிக்கம்பத்துக்கு நல்லது. வீட்டுக்குள் கட்டிலும் மேசையும் செய்ய வேண்டாம், அறுக்கும்போது தூளை மூச்சில் இழுக்க வேண்டாம்.

கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தைகள் பொம்மை செய்கிற மரத்துக்கு எந்த மருந்து?

எதுவும் வேண்டாம். போரான்கூட வேண்டாம். வெள்ளையில்லாத வைரமாகத் தேர்ந்தெடுத்து, சூடேற்றிய மரமாக வாங்கி, மூடியுள்ள டப்பாவிலோ இறுகக் கட்டிய பையிலோ வையுங்கள். இந்த வேலைக்குத் தேவைப்படும் மரம் கொஞ்சம்தானே.

அறுத்து எறிந்த உளுத்த துண்டுகளை என்ன செய்வது?

அன்றைக்கே எரித்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் குவித்தால் அங்கிருந்தே வண்டு பறந்து வரும். மருந்து படாத துண்டை அடுப்பில் தாராளமாக வைக்கலாம். மருந்து பட்டதைச் சமையல் அடுப்பிலும் வெந்நீர் அடுப்பிலும் வைக்கக் கூடாது. பச்சை நிற சி.சி.ஏ. மரத்தை எங்கேயும் எரிக்கக் கூடாது. புகையில் ஆர்சனிக் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் உதவாது.